பத்து நிமிசத்தில எடுப்பார்

போன ஞாயிறு பூசை முடிஞ்சு மண்டபத்தில கோப்பி குடிச்சுக்கொண்டு நிக்கேக்க ஞானசுந்தரம் வந்து என்ர தோளில தட்டினான். "அண்ணை, அந்த மூண்டு கோலையும் நீங்கள் கிட்ட நிண்டு பாத்தனீங்கள் என்ன? குடுத்து வைச்ச ஆள்!" எண்டான். நான் கோப்பையை மேசையில வைச்சிட்டு, "வாயைப் பொத்தடா விசரா" எண்டு சொல்லிப்போட்டு வெளியால வந்திட்டன். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பாத்தது. பாக்கட்டும். மனுசி பேர்பெச்சுவா பின்னால ஓடி வந்து, "அந்தாளுக்கு என்ன தெரியும், ஏன் அவரில பாயிறியள்?" எண்டு கேட்டா. அவனுக்கு ஒண்டும் தெரியாதுதான். ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான் இப்ப சொல்லுறன்.

என்ர பேர் ஜேசுரட்ணம். வயசு அம்பத்தொன்பது. டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில ரெண்டாம் லீக்கில விளையாடுற கிளப் ஒண்டில பதினெட்டு வருசமா உடுப்புக்கும் சப்பாத்துக்கும் பொறுப்பா இருக்கிறன். கிளப்பின்ர பேர் வேண்டாம், அதுகள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யேல்ல. சேத்தில பிரண்ட ஜெர்சி தோய்க்கிறது, சப்பாத்துக்கு ஆணி மாத்திறது, மேட்சுக்கு முதல் பெடியளின்ர போன், மோதிரம், சங்கிலி எல்லாத்தையும் பையில வாங்கிப் பூட்டி வைக்கிறது, இதுதான் வேலை. பெடியள் என்னை "யேசுஸ்" எண்டு கூப்பிடுவாங்கள். தோத்துப்போட்டு வந்தால், "யேசுஸ் எங்களோட இருந்தும் எங்கட கெதியைப் பார்" எண்டு பகிடி விடுவாங்கள். ஊரில நான் நாவாந்துறையான். எங்கட பக்கத்தில பந்து விளையாடாதவனுக்குப் பொம்பிளை எடுக்கிறதே கரைச்சல். அதால எனக்கு இது வேலை மாதிரித் தெரியிறேல்ல.

போஹ்தான் ஹ்ரெச்கோ எங்கட கிளப்புக்கு வாறான் எண்டு சொன்ன அண்டைக்கு நான் நம்பேல்ல. உக்ரைன் தேசிய அணிக்கு முப்பத்தொரு கோல் அடிச்ச மனிசன் எங்கட ஓட்டைக் கிளப்புக்கு ஏன் வாறான்? ஆனால் வந்தான். முதல் நாளே தன்ர சப்பாத்தைத் தானே துடைச்சுக்கொண்டு நிண்டான். "அது என்ர வேலை, தா" எண்டு பறிச்சன். "என்ர அண்ணன் கண்டால் ஏசுவான்" எண்டு சிரிச்சான். நாங்கள் கதைச்சதெல்லாம் டொச்சில, ஜேர்மன் பாசையிலதான், நான் எங்கட தமிழில சொல்லுறன்.

அந்த அண்ணன்தான் ஒலெஸ். ஏழு வயசு மூத்தவன். தகப்பன் இல்லாத வீடு. பொல்தாவா எண்ட ஊரில, செங்கல் தொழிற்சாலையில வேலை செய்து, முதல் சம்பளத்தில தம்பிக்குச் சப்பாத்து வாங்கினவனாம். வேலை முடிஞ்சு வந்து அந்தத் தூசு உடுப்போடயே கராஜ் கதவுக்கு முன்னால கோல் காக்க நிப்பானாம். தம்பி அடிக்க அடிக்கப் பிடிப்பானாம். ஒருக்கால் சுண்டுவிரல் முறிஞ்சு, அதைத் துணியால சுத்திக்கொண்டு அடுத்த நாளும் வந்து நிண்டவனாம். பதினேழு வயசில போஹ்தான் முதலாம் அணி, இருபதில கீவ், இருபத்தஞ்சில ஜேர்மனியின்ர பெரிய கிளப் ஒண்டு. அந்த நேரம் எங்கட தமிழ்ப் பெடியளே அவன்ர பேர் அடிச்ச ஜெர்சியோட திரிஞ்சவங்கள். இடது காலால அவன் சுழட்டி அடிச்சால் கோல் காக்கிற கோலி அசைய மாட்டான், ஆவெண்டு பாத்துக்கொண்டு நிப்பான். பேந்து முழங்கால் சவ்வு அறுந்தது. தைச்சாங்கள். திரும்ப அறுந்தது. ரெண்டு வருசம் விளையாட இறங்காமல் மைதானத்துக்கு வெளியால வாங்கிலயே இருந்தான். "முடிஞ்சுது" எண்டு பேப்பர்க்காரர் எழுதித் துலைச்சாங்கள். அப்பிடித்தான் முப்பத்திமூண்டு வயசில எங்களிட்ட வந்தவன்.

வந்த வருசமே இருபத்திரண்டு கோல். சும்மா சொல்லக்கூடாது, முழங்காலில ஐஸ் கட்டிக்கொண்டு படியேறக் கஷ்டப்படுற மனிசன், பந்தைக் கண்டால் பதினெட்டு வயசுக்காரன். ஆனால் ஒலெசோட ஒரு நிமிசமெண்டாலும் கதைக்காமல் மேட்சுக்கு இறங்க மாட்டான். ஒலெஸ் சண்டை தொடங்கின முதல் கிழமையே படையில சேந்து, கண்ணிவெடி எடுக்கிற வேலையில இருந்தவன். லைன் கிடைச்சால் அங்கயிருந்து போன் எடுப்பான், இல்லாட்டி குரல் பதிஞ்சு அனுப்புவான். "மந்தமா ஓடாதையடா" எண்டு ஏசுவானாம். அதைக் கேட்டுச் சிரிச்சுப்போட்டு போனை என்ர கையில தருவான். எனக்கும் அந்தக் குரல் பழகிப் போச்சு.

மே மாசம் கடைசி மேட்ச். வெண்டால் நாங்கள் முதலாம் லீக். முப்பத்தெட்டு வருசத்துக்குப் பிறகு. நகரமே விசர் பிடிச்சுப்போய்க் கிடந்தது. அண்டைக்கு ஒலெசிட்ட இருந்து செய்தி வரேல்ல. போஹ்தான் எல்லாருக்கும் கடைசியாத்தான் போனைத் தந்தான். தந்துபோட்டு என்ர கையைப் பிடிச்சான். "ஒலெஸ் எடுத்தால் என்னைக் கூப்பிடு. நான் எங்க நிண்டாலும் கூப்பிடு" எண்டான். "ஓமோம், கூப்பிடுறன், நீ போ" எண்டன்.

மூண்டரைக்கு மேட்ச். மூண்டு அஞ்சுக்கு போன் அடிச்சுது. விட்டன். திரும்ப அடிச்சுது. திரும்பவும். ஏழாம் தரம் பையைத் திறந்து எடுத்தன். ஒலெஸ் இல்லை, அவன்ர மனுசி ஹலினா. பள்ளிக்கூடத்தில டொச் படிப்பிக்கிறவ, என்னை விட வடிவாக் கதைப்பா.

"ஒலெசுக்கு வயித்தில காயம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திட்டினம். நான் பக்கத்திலதான் நிக்கிறன். நினைவு இருக்கு. ஒப்பறேசனுக்கு முதல் தம்பியோட ஒரு சொல்லுக் கதைக்கவேணுமாம். போஹ்தானைக் கெதியாக் குடுங்கோ."

ஓடிப்போய் உடுப்பு மாத்திற அறைக் கதவைத் திறந்தன். பயிற்றுனர் கத்திக்கொண்டு நிண்டார். போஹ்தான் குனிஞ்சு சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டு இருந்தான். ரெண்டு வருசம் வாங்கில இருந்தவன். இந்த மேட்ச் வெண்டால் அவனுக்கு முதலாம் லீக்கில இன்னும் ஒரு வருசம் எண்டு கிளப் எழுதித் தயாரா வைச்சிருந்தது. தோத்தால் அவ்வளவுதான், அந்தக் காலோட வேற ஆர் எடுப்பான்? நான் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். ஒரு சொல்லுத்தான். "போஹ்தான், வா" எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.

கதவைச் சாத்தினன்.

ஏன் எண்டு நீங்கள் கேக்க மாட்டியள், தமிழாக்கள் தானே, உங்களுக்குத் தெரியும். எங்கட சனத்துக்கு இது ஒரு பழக்கம். சோதினை நடக்குதோ, செத்த செய்தியை மறை. வயித்தில பிள்ளையோ, மறை. என்ர அப்பு செத்ததை எனக்கு எட்டு மாசம் மறைச்சவை, என்ர அகதி விசாரணை முடியட்டும் எண்டு. நானும் செய்திருக்கிறன். மகள் மெலனியின்ர கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கேக்க பேர்பெச்சுவாவின்ர தம்பி மன்னாரில செத்துப்போனான். நான் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்ல. மனுசி சிரிச்சுச் சிரிச்சுப் படம் எடுத்தா. தாலி கட்டி, சாப்பாடு முடிஞ்சு, எல்லாரும் போன பிறகுதான் சொன்னனான். கெட்டிக்கார வேலை செய்தன் எண்டு பன்னிரண்டு வருசமா எனக்கு உள்ளுக்கு ஒரு பெருமை.

அதோட, கதைக்கேலுமெண்டால் பிழைப்பான் தானே எண்டு நினைச்சன். வெட்டித் தைப்பாங்கள், பின்னேரம் முழிப்பான், அப்ப தம்பி வெண்டுபோட்டு நிண்டு கதைப்பான். ஒலெஸ் எடுத்தால் கூப்பிடு எண்டுதானே சொன்னவன், இது ஒலெஸ் இல்லையே எண்டும் நினைச்சன். அப்பிடியும் ஒரு நியாயம்! மனிசனுக்குப் புத்தி கெட்டால் எல்லாம் நியாயமாத்தான் தெரியும்.

போனைக் காதில வைச்சு, "போஹ்தானிட்டச் சொல்லிப்போட்டன். பத்து நிமிசத்தில எடுப்பார்" எண்டு சொன்னன்.

அவ தன்ர பாசையில ஆருக்கோ சொன்னா. பின்னால ஒரு ஆம்பிளைக் குரல் ஏதோ சொல்லிச்சுது. எனக்குத் தெரிஞ்ச குரல். சிரிச்ச மாதிரி இருந்தது. எனக்கு அப்ப மனம் லேசாப் போச்சு, உண்மையாத்தான் சொல்லுறன்.

போனைச் சத்தம் இல்லாமல் ஆக்கி என்ர காற்சட்டைப் பொக்கற்றில போட்டுக்கொண்டு வாங்கில போய் இருந்தன். மேட்ச் தொடங்க முதலே அது தொடைக்குப் பக்கத்தில அதிரத் தொடங்கிச்சுது. விட்டு விட்டு அதிர்ந்துகொண்டே இருந்தது. பத்தொன்பதாம் நிமிசம் போஹ்தான் இடது காலால ஒண்டு வைச்சான், கோலி அசையேல்ல. ஸ்டேடியம் எழும்பிக் கத்திச்சுது. நானும் கத்தினன். கத்தேக்கயும் அது அதிர்ந்தது.

இடைவேளைக்குக் கொஞ்சம் முதல் அதிர்றது நிண்டுபோச்சு. ஒப்பறேசனுக்குக் கொண்டுபோயிட்டாங்கள் ஆக்கும் எண்டு நினைச்சு மாதாவுக்கு நன்றி சொன்னன்.

இடைவேளையில நான் தண்ணி குடுக்க, போஹ்தான் போத்திலை வாங்காமல் என்ர முகத்தைப் பாத்தான். "ஒலெஸ் எடுத்தவனோ?"

"இல்லை. லைன் இல்லையாக்கும்" எண்டன்.

கண்ணைப் பாத்துச் சொன்னன். அதுதான் என்னால தாங்கேலாமல் இருக்கிறது. ஹலினாவுக்குச் சொன்னது அவசரத்தில வந்த பொய் எண்டு வைச்சாலும், இது அவசரம் இல்லை. அவன் தலையாட்டிப்போட்டு, ஜெர்சியை மாத்திக்கொண்டு போனான். அம்பத்தேழாம் நிமிசம் தலையால ஒண்டு, எண்பத்தோராம் நிமிசம் மூண்டு பேரை வெட்டிக்கொண்டு போய் ஒண்டு. அவன்ர வாழ்க்கையில அப்பிடி ஒரு மேட்ச் விளையாடினதில்லை எண்டு பேப்பர்க்காரர் எல்லாரும் எழுதினாங்கள். சனம் வேலி பாய்ஞ்சு வந்து அவனைத் தூக்கிச்சுது. டீவிக்காரன் இருபது நிமிசம் அவனை விடேல்ல. மைக்கைப் பிடிச்சுக்கொண்டு, "இது என்ர அண்ணனுக்கு" எண்டு சொன்னான்.

பியரில நனைஞ்சுபோய் வந்து, சிரிச்சுக்கொண்டு கையை நீட்டினான். நான் போனைக் குடுத்தன். "வீட்டுக்கு எடு, ஹலினா தேடினவ" எண்டு மட்டும் சொன்னன். அவன் குளிக்கிற அறைப்பக்கம் போய் எடுத்தான். உள்ளுக்குப் பெடியள் பாட்டுப் பாடிக்கொண்டு மேசையில ஏறி நிண்டு குதிக்கிறாங்கள். நான் நிலத்தில கிடந்த காலுறையளைப் பொறுக்கினன்.

கன நேரத்தால வந்தான். முகம் சாம்பல். வந்து என்ர உடுப்புக் கூடைக்குப் பக்கத்தில நிலத்தில இருந்தான்.

"செத்துப்போனான்" எண்டான். "இடைவேளைக்கு முதல்."

அவன் போனைத் திருப்பி எனக்குக் காட்டினான். மூண்டு பத்து, எடுத்தது, ரெண்டு நிமிசம். அதுக்குப் பிறகு எடுக்காத பதினாலு.

"என்னட்டச் சொல்லிப்போட்டன் எண்டு சொன்னியாம்."

"ஓம்" எண்டன். "மேட்ச் முடியட்டும் எண்டு... உனக்கு நல்லதெண்டு நினைச்சன், போஹ்தான்."

அடிப்பான் எண்டு நினைச்சன். அடிச்சிருக்கலாம். அவன் என்னை ஏசக்கூட இல்லை. "நீ சொல்லியிருந்தால் நான் வந்திருப்பனோ?" எண்டு கேட்டான்.

"ஓடி வந்திருப்பாய்" எண்டன்.

"தெரியாது" எண்டான். "முப்பது வருசம் இதுக்காகத்தானே. பத்து நிமிசம் பொறு எண்டு நானே சொல்லியிருப்பனோ, தெரியாது." சொல்லிப்போட்டு அந்த ஈர ஜெர்சியோடயே எழும்பிப் போனான்.

திங்கக்கிழமை உக்ரைனுக்குப் போயிட்டான். சண்டை நடக்கிற நாடு, உள்ளுக்குப் போன ஆம்பிளையைத் திரும்ப வெளியால விடமாட்டினம் எண்டு அவனுக்கும் தெரியும், கிளப்புக்கும் தெரியும். எழுதி வைச்ச ஒப்பந்தம் கையெழுத்து இல்லாமல் கிடந்தது. அண்ணனைப் புதைச்சு மூண்டாம் கிழமை, அண்ணன்ர படையிலயே சேந்திட்டான் எண்டு செய்தி வந்தது. மூண்டு கோல் அடிச்சுப்போட்டு நாட்டுக்குப் போன வீரன் எண்டு ஆக்கள் துணியில எழுதி ஸ்டேடியத்தில தொங்கவிட்டினம். எனக்கு அதைக் காண ஏலாமல் பின்வாசலால போய் வந்தன்.

பேர்பெச்சுவாவுக்கு நான் எல்லாத்தையும் சொன்னன். "நல்லதுக்குத்தானே செய்தியள்" எண்டு சொல்லுவா எண்டு எதிர்பாத்தன். அவ மரக்கறி வெட்டிக்கொண்டு இருந்தவ, கத்தியை வைச்சா. "எனக்கும் இதைத்தானே செய்தனீங்கள். என்ர தம்பி பெட்டிக்குள்ள கிடக்க, நான் சீலை உடுத்திப் பூ வைச்சு நிண்டு பல்லைக் காட்டினன். அந்தப் படங்களை நான் ஒருநாளும் திறந்து பாத்ததில்லை. நீங்கள் கவனிக்கேல்ல" எண்டா.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்ல?"

"சொல்லி? செத்தவன் வருவானோ?" எண்டுபோட்டு திரும்ப வெட்டத் தொடங்கினா. அதுக்குப் பிறகும் பன்னிரண்டு வருசம் ஒரே வீட்டில இருந்திருக்கிறம்.

இதோட முடிஞ்சிருந்தாலும் நான் எப்பிடியோ தலையைக் குனிஞ்சுகொண்டு சீவிச்சிருப்பன். முந்தநாள், புதன்கிழமை, காலமை பத்து மணி இருக்கும். தோய்க்கிற மெசினுக்கு முன்னால நிக்கிறன். தெரியாத நம்பர். ஹலினா.

"உங்களைக் கரைச்சல் படுத்த எடுக்கேல்ல. உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். கிளப்பில கேட்டு நம்பர் எடுத்தனான்" எண்டா. குரல் வத்திப்போய் இருந்தது. "நீங்கள் சொன்னனீங்கள் தானே, போஹ்தானிட்டச் சொல்லிப்போட்டன் எண்டு. போஹ்தானும் அதைத்தான் சொன்னவர். தனக்குத் தெரியுமாம், தெரிஞ்சுகொண்டுதான் விளையாடப் போனவராம். அவரின்ர தாய், என்ர மாமி, அவரை வீட்டுக்குள்ள விடேல்ல. ஒலெசின்ர சவப்பெட்டி வீட்டில இருக்க அவர் வாசலில நிண்டவர். நானும் முகம் குடுக்கேல்ல."

"தெரியும் எண்டு அவனோ சொன்னவன்?"

"ஓம். எனக்கு ஒண்டே ஒண்டு தெரியவேணும். பத்து நிமிசத்தில எடுக்கிறன் எண்டது அவர் தன்ர வாயால சொன்ன சொல்லோ? ஏனெண்டால் அங்க ஒப்பறேசன் மேசை ஒண்டு, காயக்காரர் ரெண்டு பேர். முதல் ஒலெசின்ர முறை. தம்பி பத்து நிமிசத்தில எடுப்பான், மற்ற ஆளை முதல் கொண்டு போங்கோ எண்டு ஒலெஸ் தன்ர முறையைக் குடுத்திட்டார். டொக்டர் ஏசினவர். ஒலெஸ் கேக்கேல்ல. போனைக் கையில வைச்சுக்கொண்டு, பக்கத்தில கிடந்த ஆக்களுக்கெல்லாம் தம்பி எடுக்கப் போறான் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவர். மற்ற ஆள் இப்ப உயிரோட இருக்கிறார்."

நான் மெசினை நிப்பாட்டினன். பத்து நிமிசம். நான் சும்மா வாயில வந்த கணக்குச் சொன்னன். இருபது எண்டு சொல்லியிருந்தால் அவன் காத்திருக்க மாட்டான். ஏலாது எண்டு சொல்லியிருந்தால் ஒப்பறேசனுக்குப் போயிருப்பான். ஏலாது எண்டு ஒரு சொல்லுச் சொல்ல எனக்கு நா வரேல்ல.

அழுதழுது எல்லாத்தையும் சொன்னன். கதவைத் திறந்தது, சாத்தினது, இடைவேளையில கண்ணைப் பாத்துச் சொன்ன பொய், எல்லாம். "போஹ்தானுக்கு ஒண்டும் தெரியாது. அந்தப் பத்து நிமிசம் என்ர வாயில வந்தது. அவன்ர இல்லை."

"அப்ப அவர் ஏன் தெரியும் எண்டு சொன்னவர்?" எண்டு கேட்டா.

முதல் நான், என்னைக் காப்பாத்தத்தான் எண்டு நினைச்சன். பிறகு, உடுப்புக் கூடைக்குப் பக்கத்தில நிலத்தில இருந்து அவன் கேட்டது ஞாபகம் வந்தது. "நான் சொல்லியிருந்தாலும் தான் வந்திருப்பனோ தெரியாது எண்டு சொன்னவன். அந்தச் சந்தேகத்துக்குத் தனக்குத் தானே தண்டனை குடுத்திட்டான் போல" எண்டன். "தயவுசெய்து அவனைக் கூப்பிட்டுச் சொல்லுங்கோ, ஹலினா. இப்பவே சொல்லுங்கோ."

"ஆரைக் கூப்பிடுறது?" எண்டா. "ஒம்பது நாளா அவரைக் காணேல்ல. அவரோட போன ஆறு பேரில ஒருத்தரும் திரும்பி வரேல்ல."

பிறகு, "நில்லுங்கோ. மாமி பக்கத்திலதான் இருக்கிறா. அவவுக்கு நான் சொல்லவேணும்" எண்டா. போனை வைச்சிட்டு ஓடிப்போயிருக்கலாம். நான் நிண்டன். இந்த முறையாவது நிண்டன். ஹலினா தங்கட பாசையில மெல்ல மெல்லச் சொல்லுறது கேட்டுது. நடுவில "போஹ்தான்" எண்ட பேர் மட்டும் எனக்கு விளங்கிச்சுது. அவ முடிச்ச பிறகு ஒரு கிழவியின்ர குரல் கேட்டுது. அழேல்ல. ஏதோ கேட்டா, திரும்ப அதையே கேட்டா.

"மாமி உங்களிட்டக் கேக்கிறா" எண்டா ஹலினா. "அவன் மூண்டு நாள் என்ர வாசலில நிண்டவன், மழைக்குள்ளயும் நிண்டவன், நான் கதவு திறக்கேல்ல. அந்த மூண்டு நாளும் நீ எங்க இருந்தனி எண்டு கேக்கிறா."

எங்க இருந்தன். இஞ்சதான் இருந்தன். போன் கையிலதான் இருந்தது. அவன் விளையாடின ஜெர்சியைத் தோய்ச்சு, காயப்போட்டு, மடிச்சுக்கொண்டு இருந்தன். கிழவிக்கு நான் அதைத்தான் சொன்னன்.